கண் டாக்டரின் கணக்கு நோட்டு

(தொலைக்காட்சி அரங்கப் பேச்சின் எழுத்து வடிவம்)

கேஎல் செண்ட்ரலில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தால் முதலில் காதில் விழுவது கடைகளின் பாட்டுச் சத்தம். அதற்கு நடுவே இன்னொரு சத்தமும் இருக்கிறது. நடைபாதையில் வெள்ளைக்கோல் தட்டும் சத்தம். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இந்த வட்டாரம், பார்வையற்றோரின் ஊராகவும் அரை நூற்றாண்டுக்கு மேலாக இருந்து வருகிறது. 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் வேரூன்றியது. பயிற்சிக்கு வந்தவர்கள் இங்கேயே தங்கினார்கள், மணம் முடித்தார்கள், உடம்பு பிடித்துவிடும் தொழிலில் இறங்கினார்கள்.

இவர்களில் பலருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பலருக்கு மருத்துவத்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் மலேசியாவில் பார்வை இழந்தவர்கள் அத்தனை பேரும் அப்படியா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாராவது எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அப்படி ஒழுங்காக எண்ணியது 1996ஆம் ஆண்டில்தான். அந்த ஆண்டு நடந்த முதல் தேசிய கண் ஆய்வில் வீடு வீடாகச் சென்று 18 ஆயிரம் பேருக்கு மேல் கண் பரிசோதித்தார்கள். இரண்டு கண்ணும் தெரியாதவர்கள் 0.29 விழுக்காடு. மங்கலான பார்வை உள்ளவர்கள் 2.44 விழுக்காடு. காரணங்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பார்வை போனவர்களில் 39 விழுக்காட்டினருக்குக் காரணம் கண்புரை. மங்கலான பார்வை உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தேவைப்பட்டது சரியான மூக்குக் கண்ணாடி, அவ்வளவுதான்!

கண்புரைக்கு அறுவை சிகிச்சை உண்டு. கண்ணாடி கடையில் கிடைக்கும். பிறகு ஏன் இவர்கள் இருட்டில் இருந்தார்கள் என்பது ஒரு கேள்வி. அதைவிடச் சங்கடமான கேள்வி ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு உண்மையிலேயே பார்வை வந்ததா? எத்தனை பேருக்கு வந்தது? எத்தனை பேருக்குக் கெட்டுப் போனது? செய்த டாக்டருக்கே அது தெரியுமா?

இன்றைய பேச்சு அந்தக் கணக்கைப் பற்றித்தான். மருத்துவர்கள் தங்கள் கை வேலையைத் தாங்களே எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை இது. அவ்வளவு சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழும்பூரில் எண்ணிய எலியட்

சென்னையில் 1819ஆம் ஆண்டிலேயே கண் மருத்துவமனை வந்துவிட்டது. எழும்பூர் கண் ஆஸ்பத்திரி என்று சொன்னால் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குத் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேயர். அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சுற்றும் வைத்தியர்கள் இருந்தார்கள். கண்ணில் ஊசி விட்டு, மங்கிப்போன வில்லையைப் பார்வைப் பாதையிலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். அந்த நிமிடமே வெளிச்சம் தெரியும். நோயாளி எத்தனை விரல் என்று எண்ணிச் சொல்வார். வீட்டார் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வைத்தியர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

கண் கெடுவது சில நாளிலோ சில மாதத்திலோ. அப்போது வைத்தியர் ஊரில் இல்லை. அவரைப் பொறுத்தவரை அவர் செய்தது எல்லாமே வெற்றி. பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. தோற்றதை அவர் கண்ணாலேயே பார்த்ததில்லை!

எலியட் செய்த காரியம், அப்படிக் கெட்டு எழும்பூருக்கு வந்தவர்களை ஒவ்வொருவராகப் பதிவு செய்தது. 780 பேரின் விவரத்தைத் தொகுத்து ஆராய்ந்து, 1917இல் லண்டனில் சொற்பொழிவாற்றி, புத்தகமாகவும் வெளியிட்டார். நாட்டு வைத்தியரின் வாய்ப்பேச்சுக்கு எதிராக அவர் வைத்தது எண்கள்.

ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எழும்பூருக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் கண் கெட்டுப் போனவர்கள். நன்றாகத் தெரிந்தவன் எதற்காக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கப் போகிறான்? ஊர் சுற்றும் வைத்தியர் தோல்வியைப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரி டாக்டர் வெற்றியைப் பார்க்கவில்லை. யார் திரும்பி வருகிறார்கள், யார் வரவில்லை என்பதைப் பொறுத்தே எண் மாறுகிறது. இந்தச் சிக்கல் கண் மருத்துவக் கணக்கை அன்றும் துரத்தியது, இன்றும் துரத்துகிறது.

அதே காலத்தில் பஞ்சாபின் ஜலந்தரில் ஹென்றி ஸ்மித் என்ற ராணுவ மருத்துவர் ஆயிரக்கணக்கில் கண்புரை எடுத்துக்கொண்டிருந்தார். ‘ஜலந்தர் ஸ்மித்’ என்றே பெயர் வாங்கியவர். வில்லையை அதன் பையோடு சேர்த்து முழுதாக வெளியே எடுக்கும் முறை அவருடையது. அமெரிக்காவிலிருந்துகூட டாக்டர்கள் கப்பலேறி வந்து கற்றுக்கொண்டார்கள். எண்ணிக்கையில் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் அவருடைய முறையால் கண்ணின் உள்நீர்மம் வெளியேறிவிடும் ஆபத்து உண்டு என்று மற்ற மருத்துவர்கள் வாதாடினார்கள். கட்டு அவிழ்த்த அன்று தெரிந்த கண் ஓராண்டு கழித்தும் தெரிகிறதா என்பதுதான் சண்டையின் அடிப்படை. எத்தனை கண் அறுத்தோம் என்பது ஒரு கணக்கு. எத்தனை கண் தெரிகிறது என்பது வேறு கணக்கு.

பாஸ்டனில் ஒருவர் வேலையை இழந்தார்

கணக்கை வேறு ஒரு பக்கத்திலிருந்து பிடித்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்தார். எர்னஸ்ட் காட்மன். கண் மருத்துவர் அல்லர், பொது அறுவை மருத்துவர். அவர் சொன்னது மிக எளிமையானது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறு அட்டை வையுங்கள். என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். ஓராண்டு கழித்து அந்த ஆளைக் கூப்பிட்டுப் பார்த்து, குணமானாரா என்று எழுதுங்கள். ஆகவில்லை என்றால் யாருடைய தவறு என்றும் எழுதுங்கள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வேலை பார்த்த புகழ்பெற்ற மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இது எடுபடவில்லை. 1914இல் வேலையை விட்டார். அடுத்த ஆண்டு மருத்துவர் கூட்டம் ஒன்றில், தலையை மண்ணில் புதைத்துக்கொண்டு பொன் முட்டையிடும் நெருப்புக்கோழியாகப் பணக்கார நோயாளிகளை வரைந்து, அந்த முட்டைகளைப் பொறுக்கும் டாக்டர்களையும் சேர்த்துக் கேலிச்சித்திரமாகக் காட்டினார். மருத்துவச் சங்கத்தில் வகித்த பதவியும் போனது. சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனை நடத்தி, 1911 முதல் 1916 வரை அங்கே சிகிச்சை பெற்ற 337 பேரின் விவரத்தை அச்சிட்டார். அதில் 123 தவறுகள் நடந்ததாகத் தானே ஒப்புக்கொண்டார். தன் தவறைத் தானே அச்சடித்து விற்கும் டாக்டரை நோயாளிகள் தேடி ஓடி வருவார்களா? அந்த மருத்துவமனை நிலைக்கவில்லை.

நாக்கு கொஞ்சம் நீளமான மனிதர் என்றுதான் தெரிகிறது. கேலிச்சித்திரம் இல்லாமலே கணக்கைக் காட்டியிருந்தால் இன்னும் சிலர் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட கேள்வியை அதன்பிறகு யாராலும் புதைக்க முடியவில்லை.

மதுரையில் 11 படுக்கைகள்

இப்போது தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா முழுவதும் கண் சிகிச்சை முகாம்கள் பெருகின. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் வரிசையாகப் படுக்க வைத்து அறுவை செய்தார்கள். வில்லையை எடுத்துவிட்டு, சோடா பாட்டில் அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். அரசாங்கம் வைத்த இலக்கு எண்ணிக்கை. இந்த மாவட்டத்தில் இத்தனை ஆயிரம் என்று முடித்துக் காட்டினால் அதிகாரிக்கு நல்ல பெயர். அந்தத் தடிக் கண்ணாடி உடைந்தால் கிழவி மறுபடியும் இருட்டில்தான். அவள் இருட்டில் இருப்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அவள் பெயர் ஏற்கனவே ‘முடிந்தது’ பட்டியலில் இருக்கிறது.

இந்தப் பின்னணியில் வந்தவர்தான் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. 1918இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் அயன் வடமலாபுரம் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ராணுவ மருத்துவராக இருந்தபோது கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களால் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுக்குத் தலைவராகி, தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976இல் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கூட நின்றது தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி முதலிய குடும்பத்தார். 2006 ஜூலை மாதம் டாக்டர் வெங்கடசாமி மறைந்தபோது அது உலகிலேயே மிக அதிகக் கண் அறுவை நடக்கும் நிறுவனங்களில் ஒன்றாகியிருந்தது.

அமெரிக்க ஹம்பர்கர் கடையைப் பார்த்து ஒரே மாதிரியான வேலை முறையைக் கற்றுக்கொண்டார் என்று அவரைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளிகூட 1993இல் இதைப் பாடமாக்கியது. ஒரு டாக்டருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். டாக்டர் திரும்பினால் போதும். இதனால் அங்குள்ள ஒரு டாக்டர் ஆண்டுக்கு 2,000 அறுவை வரை செய்ய முடிந்தது. இதெல்லாம் தெரிந்த கதை.

அவ்வளவாகப் பேசப்படாதது அதன் பின்னால் இருந்த நோட்டுப் புத்தகம். இவ்வளவு வேகமாகச் செய்தால் தரம் கெடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அதற்கு வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. அறுவையின்போது எந்த டாக்டருக்கு எந்தச் சிக்கல் வந்தது, எந்த மேசையில், எந்த முறையில், மறுபரிசோதனையில் பார்வை எவ்வளவு என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். நிர்வாகம் படித்த துளசிராஜ் 1980களின் தொடக்கத்தில் சேர்ந்த பிறகு கணக்கு வைப்பது கணினி வழிக்கு மாறியது.

அந்தக் கணக்கு என்ன பயன் தந்தது? இரண்டு உதாரணங்கள் போதும்.

கண்புரை அறுவைக்குப் பின் வரக்கூடிய மிக மோசமான விபத்து, கண்ணின் உட்பகுதியில் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது. ஓரிரு நாளில் கண்ணையே பறித்துவிடும். அரவிந்தில் ஓர் அறையில் பல மேசைகள். ஒவ்வொரு நோயாளிக்கும் இடையே டாக்டர் அங்கியை மாற்றுவதில்லை. மேல்நாட்டு மருத்துவர்கள் இதைப் பார்த்தால் முகம் சுளிப்பது இயல்புதான். 2009இல் அரவிந்த் மருத்துவர்கள் தங்கள் கணக்கை ஆய்விதழில் வெளியிட்டார்கள். தொடர்ச்சியான 42,426 அறுவைகளில் இந்தத் தொற்று வந்தது 38 பேருக்கு. அதாவது 0.09 விழுக்காடு. ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. பணக்கார நாட்டு மருத்துவமனைகளோடு வைத்து ஒப்பிடக்கூடிய எண். முகம் சுளித்தவர்களுக்கு அது பதிலாக அமைந்தது.

அதோடு நிற்கவில்லை. அறுவை முடியும் தறுவாயில் கண்ணுக்குள்ளேயே மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்தைச் செலுத்தினால் தொற்று குறையுமா என்று பார்த்தார்கள். ஆயிரத்துக்கு ஒன்றுகூட வராத நோயில் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று அறிய எத்தனை நோயாளிகள் வேண்டும், நினைத்துப் பாருங்கள். சிறிய கிளினிக்கில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் எண்ணினாலும் தெரியாது. அரவிந்தில் ஆறு லட்சம் அறுவைகளின் கணக்கை அலசி 2017இல் வெளியிட்டார்கள். தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02ஆக இறங்கியிருந்தது. லட்சம் பேருக்கு 50 கண்கள் மிச்சம். கணக்கு எழுதாமல் விட்டிருந்தால் அந்த 50 பேரும் தலைவிதி என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இன்னொன்று கொஞ்சம் தைரியமான கணக்கு. மதுரையில் நடந்த 79,777 அறுவைகளை, செய்தவர் யார் என்று பிரித்து 2012இல் வெளியிட்டார்கள். நிரந்தர மருத்துவர்கள் செய்ததில் அறுவையின்போது சிக்கல் 0.79 விழுக்காடு. மேற்பயிற்சி பெறுபவர்கள் 1.19. படித்துக்கொண்டிருக்கும் மாணவ மருத்துவர்கள் 2.06. வெளியிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் 5.05. எந்த மருத்துவமனை இப்படித் தன் சட்டையைக் கழற்றிக் காட்டும்? கற்றுக்கொள்பவன் கையில் ஆபத்து கூடுதல் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு கூடுதல் என்பது எண்ணியவர்களுக்கு மட்டுமே தெரியும். தெரிந்தால்தான் எந்தக் கண்ணைக் கற்பவரிடம் கொடுப்பது, மூத்தவர் எப்போது பக்கத்தில் நிற்பது என்று முடிவு செய்ய முடியும்.

எண்ணாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2008இல் இலவச முகாம் வழியாக அறுவை செய்துகொண்ட விழுப்புரம் மாவட்டக் கிராமத்தினர் 66 பேருக்குப் பார்வை பறிபோனது நாட்டையே உலுக்கியது. பத்திரிகை, நீதிமன்றம் என்று போன பிறகுதான் ஒவ்வொரு முகாமும் என்ன கணக்கு வைத்திருக்கிறது என்ற கேள்வி எழுந்தது.

டாக்டர்களின் பயமும் நியாயம்தான்

இதைக் கேட்டால் எல்லா டாக்டரின் கணக்கையும் சுவரில் ஒட்டிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அரங்கத்தில் உட்கார்ந்து கைதட்டுவதற்கு ஏற்ற பேச்சு. ஆனால் நடைமுறையில் வேறு விதமாகப் போகும்.

நியூயார்க் மாநிலத்தில் 1990களின் தொடக்கத்தில் இதய அறுவையில் இறந்தவர் கணக்கை மருத்துவர் பெயரோடு பத்திரிகையில் வெளியிடும் நிலை வந்தது. சில மருத்துவர்கள் ஆபத்தான நோயாளிகளைத் தொடத் தயங்குகிறார்கள் என்ற புகார் கிளம்பி, ஆண்டுக்கணக்கில் விவாதம் நடந்தது. கண்ணிலும் அதே கதைதான். இளசான புரையை எடுப்பது ஒரு வேலை. தோட்டத்தில் வேலை செய்து, எண்பது வயதில், புரை கல்லாக இறுகிய பிறகு வரும் பாட்டியின் கண்ணை எடுப்பது வேறு வேலை. எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் பட்டியல் என்றால் அந்தப் பாட்டியை யார் தொடுவார்? கணக்கு நல்லாயிருக்கும், பாட்டிக்குக் கண் தெரியாது.

இதற்கு வழி கண்டுபிடித்தது மருத்துவர்கள் அல்லர். 1954இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பேஜ் என்ற புள்ளியியல் அறிஞர், தொழிற்சாலைச் சரக்கின் தரத்தைக் கண்காணிக்க ஒரு முறை வகுத்தார். ‘கியூசம்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விஷயம் இதுதான். ஒரு கோடு போட்டுக்கொண்டே போவது. வேலை சரியாக முடிந்தால் கோடு கொஞ்சம் இறங்கும். தவறினால் சட்டென்று ஏறும். எப்போதாவது ஒரு தவறு நடந்தால் கோடு ஏறி மறுபடி இறங்கிவிடும். அடுத்தடுத்துத் தவறினால் படிக்கட்டு போல ஏறி, எல்லைக் கோட்டைத் தாண்டிவிடும். ஆண்டு முடிவில் சராசரி பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாலைந்து தவறிலேயே மணி அடித்துவிடும்.

லண்டனில் பச்சைக் குழந்தைகளுக்கு இதய அறுவை செய்த மார்க் டி லெவால் என்ற மருத்துவருக்கு, நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு வகை அறுவையில் திடீரென்று பல குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. கெட்ட காலம் என்று அவர் விட்டுவிடவில்லை. இன்னொரு மருத்துவமனைக்குப் போய்த் திரும்பப் பயிற்சி எடுத்தார். தன்னுடைய 104 அறுவைகளையும் இந்தக் கோட்டு முறையில் அலசி, முன்பே எச்சரிக்கை கிடைத்திருக்கும் என்று 1994இல் தானே எழுதினார். உலகப் புகழ் பெற்ற மருத்துவர் இப்படிச் செய்தது அந்தத் துறையையே அசைத்தது.

மலேசியா எண்ணத் தொடங்கியது

நம் நாட்டுக்கு வருவோம். 2002ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் கண் மருத்துவர்கள், கண்புரை அறுவைப் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார்கள். அரசு மருத்துவமனைகளில் நடக்கும் ஒவ்வொரு கண்புரை அறுவைக்கும் ஒரு படிவம். அறுவைக்கு முன் பார்வை எவ்வளவு, வேறு நோய் உண்டா, எந்த முறை, செய்தவர் நிபுணரா பயிற்சியாளரா, நடுவில் என்ன நடந்தது, பிறகு பார்வை எவ்வளவு. முதல் ஆண்டிலேயே 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் பதிவாயின. 2007 முதல் தேசிய கண் தரவகம் என்ற பெயரில் இணையம் வழியாகப் பதிவு நடக்கிறது. மருத்துவர் கோ பிக் பின் முதலியவர்கள் இதைப் பற்றிப் பிரிட்டிஷ் ஆய்விதழிலும் எழுதினார்கள்.

பதிவேடு தொடங்கிய ஆண்டில் நவீன ஒலியலை முறையில் நடந்தது ஐந்தில் இரண்டு பங்கு அறுவைதான். பத்தாண்டில் அது ஐந்தில் நான்கு பங்கை நெருங்கியது. முறை மாறும் காலம் ஆபத்தான காலம். பழைய முறையில் கை தேர்ந்த டாக்டர் புதிய கருவியில் மறுபடியும் மாணவர் ஆகிறார். வில்லையைத் தாங்கும் மெல்லிய பை பின்பக்கம் கிழிந்துவிடுவது அப்போதுதான் அதிகம் நடக்கும். இதைக் கண்காணிக்கத்தான் மலேசிய மருத்துவர்கள் அந்தக் கியூசம் கோட்டைக் கையில் எடுத்தார்கள். ஒவ்வொரு டாக்டரும் தன் கோட்டைத் தானே திரையில் பார்த்துக்கொள்ளலாம். பத்திரிகையில் பெயர் வராது. ஆனால் கோடு ஏறினால் தனக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. நியூயார்க் வழியைவிட இது மேல் என்றுதான் சொல்ல வேண்டும். அவமானப்படுத்தினால் மறைப்பார்கள், காட்டினால் திருந்துவார்கள்.

சுகாதார அமைச்சு அளவுகோலும் வைத்தது. அறுவைக்குப் பின் உட்கண் தொற்று ஆயிரத்துக்கு இரண்டைத் தாண்டக் கூடாது. கண்ணில் வேறு நோய் இல்லாதவர்களில் 85 விழுக்காட்டினருக்காவது மூன்று மாதத்துக்குள் 6/12 அல்லது அதைவிட நல்ல பார்வை வர வேண்டும். 6/12 என்றால், நல்ல கண் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில் படிக்கிறார் என்று பொருள். உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது 80 விழுக்காட்டினருக்கு 6/18. மலேசியா தனக்குத்தானே வைத்துக்கொண்டது அதைவிடக் கண்டிப்பான அளவுகோல்.

திரும்பி வராதவர்களின் பழைய சிக்கல் இங்கேயும் இருக்கிறது. நன்றாகத் தெரிகிறது, எதற்கு மறுபடி போய் வரிசையில் நிற்பது என்று நினைப்பவர் வரமாட்டார். வண்டிக்குக் காசில்லாதவரும் வரமாட்டார். இருவரையும் ஒரே கட்டத்தில் ‘வரவில்லை’ என்றுதான் எழுத முடியும். பத்து நாடுகளில் 40 மருத்துவமனைகளில் நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. வராதவர்களையும் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். வீட்டுக்குப் போகும் நாளில் அளந்த பார்வையே, பின்னால் வரப்போகும் நிலையை மருத்துவமனை அளவில் ஓரளவு நன்றாகக் காட்டிவிடுகிறது என்று தெரிந்தது. நூறு ஆண்டுக்கு முன் எலியட்டுக்கு இருந்த தலைவலிக்கு ஒரு மாத்திரை என்று வைத்துக்கொள்ளலாம்.

பதிவேட்டில் ஏறாத கண்கள்

எவ்வளவு நல்ல பதிவேடும் மருத்துவமனைக்குள் வந்தவரைத்தான் எண்ணும். 2014இல் மலேசியாவில் இரண்டாவது தேசிய கண் ஆய்வு நடந்தது. இந்த முறை 50 வயதைத் தாண்டியவர்களை மட்டும் பார்த்தார்கள். 1.2 விழுக்காட்டினருக்குப் பார்வை இல்லை. காரணங்களில் 58.6 விழுக்காடு சிகிச்சை செய்யாத கண்புரை. நீரிழிவால் வந்த விழித்திரைக் கேடு 10.4 விழுக்காடு. மொத்தத்தில் 86.3 விழுக்காடு தவிர்த்திருக்கக்கூடியது. உள்ளே வந்தவர்களுக்குக் கணக்கு அழகாக இருந்தது. வெளியே நின்றவர்கள் அப்படியே நின்றார்கள்.

அந்த 10.4 விழுக்காட்டை இந்தியச் சமூகம் கூர்ந்து கவனிக்க வேண்டும். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். நீரிழிவு கண்ணைக் கெடுக்கும்போது வலிக்காது. மங்கும்போது விழித்திரையில் ரத்தம் கசிந்து வெகு நாளாகியிருக்கும். கண்புரை போல எடுத்துப் போட்டு வில்லை வைத்துச் சரிசெய்யும் சமாசாரம் அல்ல இது. ஆண்டுக்கு ஒருமுறை கண்ணின் பின்புறத்தைப் பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

பெரிய தரவகம் செய்ய முடியாத வேலையைச் சிறிய கிளினிக் செய்ய முடியும். அதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டாம், ஒரு கோடு போட்ட நோட்டு போதும். இந்த மாதம் வந்த நீரிழிவு நோயாளிகள் எத்தனை பேர், அதில் விழித்திரை பார்த்தது எத்தனை பேருக்கு, பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தது எத்தனை பேருக்கு, போனவர் எத்தனை பேர். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது. தொலைபேசி எடுத்து, “பாட்டி, போனீங்களா?” என்று ஒருவர் கேட்டால்தான் அந்தக் கட்டம் நிரம்பும்.

நோயாளி பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ரத்த அழுத்தம் எவ்வளவு என்றால் நம்மவர்கள் டக்கென்று சொல்வார்கள். சர்க்கரை எவ்வளவு என்றால் காலையில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்றுகூடச் சொல்வார்கள். கண் பார்வை எவ்வளவு என்று கேட்டால், “கொஞ்சம் மங்கல்தான்” என்பார்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்குக்கூட முன்பு 6/60ஆக இருந்ததா, இப்போது 6/9ஆ என்று தெரியாது. அட்டையில் எழுதித்தான் இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது அந்த எண்ணைக் காட்டி, இது போன வருஷத்தைவிட ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கேட்கலாம். அறுவைக்குத் தேதி குறிக்கும்போது, “டாக்டர், நீங்க வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க, அதில் பை கிழிஞ்சது எத்தனை?” என்றும் கேட்கலாம். கணக்கு வைத்திருப்பவர் கோபப்பட மாட்டார். நோட்டைத் திறந்து காட்டுவார்.